அண்டாவில் கலக்கிய கடல்

மீனாட்சிபுரம்
10 நவம்பர் 2024

அன்புள்ள யோகாவுக்கு,

நானும் மாடுகளும் கன்றும் சுகம். உன் மகள் கௌசிகா போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்து, ஒரு வாரத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனாள். வண்டிப்பெரியாற்றில் குளிர் எப்படி? முழங்கால் வலி தேவலையா?

"போன்ல 'ம்' கொட்டறதத் தவிர உங்களுக்கு ஒன்னும் வராது. இனி எழுதுங்க, கையாவது பேசுதான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படி. ஹாலில் சோபா இருந்த இடத்தில் இப்போது சோபா இல்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் கடல் வைக்கப் போகிறேன்.

பல் பிடுங்க பாலக்காடு போனேன் அல்லவா, அந்த டாக்டர் காத்திருப்பு அறையில் இப்படி ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீர், பவளம், ஆரஞ்சு மீன். அவர் போகச் சொன்ன பிறகும் வாயில் பஞ்சோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதைச் செய்துகொடுத்த ரியாஸைக் கடையில் போய்ப் பிடித்தேன். "இதுக்கு முன்னாடி என்ன மீன் வளர்த்தீங்கண்ணே?" என்று கேட்டான். "மாடு வளத்தறேனுங்க தம்பி" என்றேன். பையன் சிரிக்காமல் டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

தொட்டியை உள்ளே கொண்டுவர எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். சோபா இப்போது மாட்டுக் கொட்டகையில். செவலை அதில் கழுத்தைச் சொறிந்துகொள்கிறாள், அவளுக்குப் பிடித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மோகனசுந்தரம்


வண்டிப்பெரியாறு
19 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, யோகா எழுதிக்கொள்வது.

நான் சுகம். முழங்கால் வெயில் வந்தால் சும்மா இருக்கிறது, மழை வந்தால் பேசுகிறது. உங்களுக்குப் பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டதா?

ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதா? அது என் அண்ணன் வாங்கிக் கொடுத்த சோபா! கடல் பார்க்க ஆசையென்றால் பொன்னானிக்கு பஸ் இல்லையா? கடலை ஊட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று நம் வம்சத்தில் யாராவது உண்டா?

டியூட்டி ரூமில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பாகிவிட்டது. வார்டைக் கூட்ட வந்த மூக்கம்மாள் விடவில்லை, வாசித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. "மீனு வளக்க இம்புட்டுப் பாடா சிஸ்டரம்மா? நாங்கன்னா கொளம்பு வச்சுச் சோலிய முடிச்சிருவோம்லா" என்றாள்.

டின்டு சிஸ்டர் ஆகஸ்டிலேயே பிரசவ லீவில் போய்விட்டாள் அல்லவா. அவள் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் என்னை எதிர்பார்க்காதீர்கள். ஆறு வருஷத்தில் இதுதான் நீண்ட இடைவெளியாக இருக்கும். அதற்குள் ஊட்டை என்னவெல்லாம் ஆக்கப்போகிறீர்களோ.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

யோகா


மீனாட்சிபுரம்
14 டிசம்பர் 2024

அன்பு யோகா,

இங்கே அனைவரும் சுகம். பல் ஆறியது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், குருசாமி டீக்கடையில்.

நம் போர்த் தண்ணீர் ஆகாதாம், சுண்ணாம்பு அதிகம். வடிகட்டும் மெஷின் போட்டு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, அதில் கடலுப்புப் பொடியைக் கரைக்க வேண்டும். நான் முதலில் ஒரு மூட்டைக் கல்லுப்பு வாங்கி வைத்துவிட்டேன். ரியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த மூட்டையை ஊறுகாய்க்காக வைத்திருக்கிறேன், நீ வந்து வயிற்றெரிச்சலில் ஊறுகாய் போடலாம்.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி வேண்டும் என்றான். வாங்க மறந்துவிட்டேன். யோசித்தேன். பால் சொசைட்டியில் பாலின் அடர்த்தி பார்க்கிறோமே, அந்த லாக்டோமீட்டரைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். இருபத்தைந்தில் நின்றது. ரியாஸ் தன் கருவியில் பார்த்துவிட்டு, "அண்ணே, அச்சுக் குத்தின மாதிரி சரியா இருக்கு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். இருபத்தைந்து காட்டுகிற பாலைக் கொண்டுபோனால் தண்ணீர் கலந்தது என்று திருப்பி அனுப்புவார்கள். கடலுக்கு அதுதான் அசல். இத்தனை நாள் தெரியவில்லை பார்.

ஆனால் உடனே மீன் விடக்கூடாதாம். அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர் முதலில் வளர வேண்டும். அதற்கு ரியாஸ் தன் தொட்டியிலிருந்த கல்லில் நாலைந்தை எடுத்துவந்து என் தொட்டியில் போட்டான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உறை ஊற்றுகிறான்! தயிருக்கு ஒரு கரண்டி, கடலுக்கு நாலு கல். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

பேசாத மாட்டோடும் மீனில்லாத தொட்டியோடும் இருக்கும்,
மோகனசுந்தரம்


வண்டிப்பெரியாறு
4 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

புது வருஷம் உங்களுக்கும் செவலைக்கும் நன்றாகப் பிறந்திருக்கட்டும். இங்கே எஸ்டேட்டில் காய்ச்சல் குறைந்திருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு இங்கே பெரிய மவுசு. ஊசி போட வருகிற எஸ்டேட் பெண்கள் கையை நீட்டுவதற்கு முன்பே, "சாரு கடலு உறைஞ்சிட்டா?" என்று கேட்கிறார்கள். உறை ஊற்றிய கதையைக் கேட்டு மூக்கம்மாள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த பிள்ளை அழுதுவிட்டது. நீங்கள் இவ்வளவு பேசுவீர்கள் என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு விஷயம். இந்த வருஷ மாறுதலுக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். மார்ச் மாதம் முடிய நேரம் இருக்கிறது. நம் பாலக்காட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இரண்டு இடம் காலியாம். சும்மா சொன்னேன். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்று இருந்தால் எழுதுங்கள்.

பால் கறக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், மார்கழிப் பனி ஆகாது.

யோகா


மீனாட்சிபுரம்
25 ஜனவரி 2025

அன்பு யோகா,

சுகம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு கௌசிகா வந்தாள், மாடுகளுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்தாள், தொட்டி முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மாறுதல் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். உனக்கு எது சௌகரியமோ அதைச் செய்.

மீன் வந்துவிட்டது!! கோமாளி மீன் என்று பெயர், இரண்டு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பண்ணையில் பொரித்த குஞ்சுகள்தான், கடலில் பிடித்தவை அல்ல. பிறகு நீள மீசையும் பத்துக் காலுமாக ஒரு ஜோடி சிவப்பு இறால். இறால் மீன்மேல் ஏறி அழுக்கைச் சுத்தம் செய்கிறது யோகா, மீனும் முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கிறது! பவளமும் ரியாஸ் ஒட்டி வளர்த்ததிலிருந்து ஐந்து துண்டு கொடுத்தான். பகலில் விளக்கு போட்டால் பூ மாதிரி விரிகிறது, அணைத்தால் சுருங்கிவிடுகிறது. மீனாட்சிபுரமே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. குருசாமி மட்டும் கடையை விட்டு வர முடியவில்லை என்று டீயை இங்கே அனுப்பிவிட்டு, "எப்படி இருக்குதுங்க, எப்படி இருக்குதுங்க" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.

மீனுக்குப் பெயர் வைக்கவில்லை. உன் வார்டில் கேட்டுச் சொல்.

மோகனசுந்தரம்


வண்டிப்பெரியாறு
10 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

நான் சுகம்.

வார்டில் பெரிய மீனுக்கு ராசாத்தி என்றும் சின்னதுக்கு மாப்பிள்ளை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஜாதியில் பெரியதுதான் பெண் என்று டாக்டர் போனில் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை அவள் பின்னாலேயே நாள் முழுக்கச் சுற்றுமாம், ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாதாம். நம்ம ஊர் ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

டின்டு சிஸ்டர் லீவு முடிந்து வந்துவிட்டாள். அவளும் கோட்டயத்துக்கு மாறுதல் போட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தினமும் போன் செய்து "அப்ளிகேஷன் போட்டாச்சா? எப்ப வருவே?" என்று கேட்கிறார். அந்த ஸ்பீக்கர் சத்தத்தை நான் தினமும் கேட்கிறேன்.

"எது சௌகரியமோ அதைச் செய்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

யோகா


மீனாட்சிபுரம்
8 மார்ச் 2025

அன்பு யோகா,

நீ சுகமா? கொஞ்சமாகத்தான் எழுதியிருந்தாய். முழங்கால் வலியா? டின்டு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் உனக்கு அங்கே துணைக்கு யார் இருப்பார்கள் என்று கவலையாக இருக்கிறது.

இங்கே நிலைமை சரியில்லை. இறால் இரண்டும் செத்துவிட்டது. பாசியைத் தின்ன ரியாஸ் விட்டிருந்த நத்தைகளும் கண்ணாடியிலிருந்து உதிர்ந்துவிட்டன. பவளம் எல்லாம் ஒரு வாரமாக விரியவே இல்லை, கசக்கிப் போட்ட துணி மாதிரி கிடக்கிறது. ராசாத்தியும் மாப்பிள்ளையும் மட்டும் ஒன்றும் ஆகாமல் நீந்துகிறார்கள். லாக்டோமீட்டர் இருபத்தைந்துதான் காட்டுகிறது. ரியாஸ் வந்து பார்த்தான், சூடு சரி, உப்பு சரி, அவனுக்கும் புரியவில்லை. வாராவாரம் மாற்றுகிற தண்ணீரைக் கலக்கும் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டான். டிரம்மைப் பிப்ரவரியிலேயே செவலை முட்டி உடைத்துவிட்டாள். அதனால் இப்போது ஊட்டில் இருக்கிறதிலேயே உசத்தியான பாத்திரத்தில், வாராவாரம் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, ராத்திரியே உப்புத் தண்ணீர் கலக்கிவைத்து விடிந்ததும் ஊற்றுகிறேன். "சுத்தமான பாத்திரம்தான்" என்று அவனிடம் சொன்னேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவள். ஏதாவது யோசனை சொல். காலையில் விளக்குப் போடவே கை வரவில்லை.

மோகனசுந்தரம்


வண்டிப்பெரியாறு
17 மார்ச் 2025

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை, முதலில் இதைச் செய்யுங்கள். அந்தப் பாத்திரத்தில் கலக்குவதை இன்றே நிறுத்துங்கள்.

புளி போட்டு விளக்குகிற உசத்தியான பாத்திரம் என்றால் எனக்குத் தெரியாதா? எங்கள் ஊட்டில் சீர் வைத்த செப்பு அண்டாதானே? அட்டாலிப் பரணில் துணி சுற்றி வைத்திருந்ததை இறக்கினீர்களா! பரிசுத்தமான செம்பில் உப்புத் தண்ணீரை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் செம்பு கரைந்து தண்ணீரில் இறங்காமல் எங்கே போகும்?

இங்கே ஏலத் தோட்டத்தில் அழுகல் நோய்க்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். அந்த டிரம்மை ஓடையில் கழுவிவிட்டால் நண்டெல்லாம் மல்லாந்து கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துருசு என்றால் செம்புதான். உங்கள் இறாலும் நண்டின் பங்காளிதான். மீன் தாங்கும், அதுகள் தாங்காது. தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றுங்கள், கரி போட்டு வடிகட்டுங்கள், ரியாஸிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இனி நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். ஊட்டில் எத்தனை சில்வர் அண்டா இருக்கிறது! அதையெல்லாம் விட்டுவிட்டு ஏணி போட்டு ஏறி அதை எதற்கு எடுத்தீர்கள்? மீனைப் பற்றி ஒரு வரி வேண்டாம். இதற்கு மட்டும் பதில்.

யோகா


மீனாட்சிபுரம்
25 மார்ச் 2025

அன்பு யோகாவுக்கு,

நீ சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறேன். மீனைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை.

டிரம் உடைந்த அன்று கஞ்சிக்கோடு ஃபேக்டரியில் இருக்கிற நம்ம தனபால், "மாப்ள, நாளைக்கே புது டிரம்மு ரெண்டு கொண்டாந்து போடறேன், பொறு" என்றான். நான் பொறுக்கவில்லை. அட்டாலியில் ஏறினேன். கீழே இறக்கித் துணியை அவிழ்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக 'சௌ. யோகப்பிரியா' என்று வெட்டியிருந்தது.

இந்த ஊட்டில் உன் பேர் எழுதியிருக்கிறது வேறு எங்கே இருக்கிறது சொல்? உன் புடவை எல்லாம் அங்கே. உன் செருப்பு அங்கே. விடிகாலையில் உப்புத் தண்ணீரைக் கலக்கும்போது உன் பேர் முன்னால் இருந்தது, அது நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். தனபால் டிரம்மைக் கொண்டுவந்து போட்ட பிறகும் நான் அண்டாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் பேரை வைத்தே இறாலைக் கொன்றுவிட்டேன், என்னை என்ன சொல்வது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பஸ் ஏறும்போது, "பாதியில என்னை வாவான்னு கூப்பிட்டு வேலையக் கெடுத்துறாதீங்க" என்று சொன்னாய். நினைவிருக்கிறதா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் நீ மாறுதல் என்று எழுதியபோது குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கூப்பிட்டு நீ வந்ததாக ஆகக்கூடாது என்று "சௌகரியம்" என்று எழுதிவைத்தேன். சௌகரியமாம், மண்ணாங்கட்டி!

யோகா, வந்துரு. எனக்கு இந்த ஊடு நன்றாக இல்லை. நீ இல்லாமல் ஒன்றும் நன்றாக இல்லை. மாறுதல் போடு. வந்துரு புள்ள.

நேற்றே இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். நீ "ஹலோ" என்றாய். எனக்கு "சாப்பிட்டாச்சா" என்றுதான் வந்தது. மூன்று தடவை கேட்டேன். கடைசித் தேதிக்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். தபால்காரரிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

உன் மோகனசுந்தரம்


மீனாட்சிபுரம்
21 ஏப்ரல் 2025

அன்பு யோகா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனிலும் "ஜோலி அதிகம், எழுதுறேனுங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் தேதிக்குள் வரவில்லை போலிருக்கிறது. நான் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அப்படி. இன்னொரு வருஷம் ஆகட்டும், அடுத்த ஜனவரி முதல் தேதியே சொல்லிவிடுகிறேன்.

இதை மட்டும் கேள். போன வியாழக்கிழமை மத்தியானம் கோடை மழை, காற்றில் கோபாலபுரம் ரோட்டில் போஸ்ட் மரம் சாய்ந்து கரண்டு போய்விட்டது. இன்வெர்ட்டர் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். நான் ஒரு சொம்பை எடுத்து மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினேன். கை விட்டுப்போயிற்று. அப்போது குருசாமி, மழையில் கடை ஓடாமல் நனைந்துகொண்டே வந்தான். தொட்டியை அன்றுதான் முதலில் பார்க்கிறான். என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினான்.

"என்னுங்க மோகனண்ணா, இப்படி ஊத்துனா எப்படி? தள்ளுங்க! ஆத்தறது என்ற தொழிலுங்க!"

இரண்டு குவளையை வைத்துக்கொண்டு, ஒன்று தலைக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே, ஒரு சொட்டு சிந்தாமல் கடலை ஆற்று ஆற்றென்று ஆற்றினான் யோகா! நுரை பொங்கி வந்தது. "சக்கரை போடோணுமா, வேண்டாமுங்களா?" என்று நடுவில் கேட்டான். அழுகிற நேரத்தில் சிரித்தேன். தனபால், சொசைட்டிச் செயலாளர், பக்கத்து ஊட்டுப் பெண்கள் எல்லோரும் முறை வைத்துக்கொண்டு கரண்டு வரும்வரை ஆற்றினார்கள். யாருக்கும் குருசாமி மாதிரி வரவில்லை.

எல்லாம் பிழைத்துக்கொண்டது. செம்பு போன தண்ணீரில் பவளமும் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்திருக்கிறது. நேற்று பச்சைப் பவளம் முழுசாக விரிந்தது. யாரிடம் காட்டுவது என்று திரும்பிப் பார்த்தேன்.

கோபமிருந்தால் திட்டியாவது எழுது.

மோகனசுந்தரம்


வண்டிப்பெரியாறு
9 மே 2025

என் அன்பு மாமாவுக்கு,

நான் மிகமிகச் சுகம். முழங்கால்கூடப் பேசவில்லை.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் ஏப்ரல் மூன்றாம் தேதி எனக்குக் கிடைத்தது. கடைசித் தேதி போய் மூன்று நாள். டியூட்டி ரூமில் வைத்துப் படிக்க முடியவில்லை, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூக்கம்மாள் வெளியிலிருந்து, "என்னாச்சு சிஸ்டரம்மா, மீனு செத்துட்டா?" என்று தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் வார்டில் வாசித்துக் காட்டவில்லை. எல்லோருக்கும் என்மேல் கோபம்.

பாதியில் கூப்பிடாதீர்கள் என்று நான் சொன்னது உண்மைதான். அது முதல் வருஷத்துக்குச் சொன்னது, மாமா! ஆறு வருஷத்துக்கா பிடித்துக்கொண்டிருப்பார்கள்? ஒவ்வொரு வருஷமும் இந்த ஆள் இப்போதாவது கேட்பார், இப்போதாவது கேட்பார் என்று காத்திருந்து, கேட்காத கோபத்தில் நானும் விண்ணப்பம் போடாமல் விட்டேன். நமக்குள் யார் மக்கு என்று ராசாத்தியிடமும் மாப்பிள்ளையிடமும்தான் தீர்ப்புக் கேட்க வேண்டும்.

பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். ஆர்டர் கையில் வராமல் ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்று இருந்தேன். ஆசை காட்டி, பிறகு இல்லை என்றாகிவிட்டால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். நேற்று வந்துவிட்டது. நம் ஊட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போகிற ஆஸ்பத்திரி. ஜூன் இரண்டாம் தேதி அங்கே சேர வேண்டும்.

தேதி போன பிறகு எப்படி என்று யோசிப்பீர்கள். ஜனவரியில் உங்களுக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றைக்கே விண்ணப்பத்தையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இந்த வருஷம் நீங்கள் கேட்காமலே இருந்திருந்தாலும் வந்திருப்பேன், மாமா. சண்டை போட்டுக்கொண்டே வந்திருப்பேன்.

யோகா